நட்டு வச்ச பல்லு

செத்தத் தள்ளி உக்காருங்கண்ணே, நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன். இல்லண்ணே, எனக்குப் பல்லுல ஒரு கோளாறும் இல்ல. எந்தங்கச்சி பாண்டீஸ்வரி மக வருது இன்னைக்கு. நிவிஷான்னு பேரு. மூணு முடிஞ்சு எட்டு மாசம் ஆகுது. பதினோரு மணிக்கு டோக்கன்னு மாப்ள போன்ல சொன்னாப்ல, தங்கச்சி வீட்டுக்காரரு. அவளுக்குத் தெரியாமத்தான் சொன்னாப்ல. நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா அவ ஆட்டோவத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கே போயிருவா. அம்புட்டு ஆங்காரம் எம்மேல.

உள்ள போயிருக்கது உங்க பையனா? ஊஞ்சல்ல இருந்து விழுந்தானா? அடப் பாவமே. முன்பல்லு பாதி ஒடஞ்சிருச்சா? சரி, உங்கள யாராச்சும் குத்தம் சொன்னாங்களா? இல்லைல்ல? அதாண்ணே ஞாயம். புள்ளைன்னா விழுகும், எந்திரிக்கும். எங்க வீட்டுல மட்டுந்தான் புள்ளைக்கு அடிபட்டா ஒரு ஆள நடுக்கூடத்துல நிப்பாட்டி வச்சுக் கேள்வி கேப்பாங்க. அந்த ஆளு நானு.

எம்பேரு காசிமாயன். மினி பஸ் ஓட்டுறேன். பதினாறு வருசம் ஆச்சுண்ணே, இன்னைக்கு வரைக்கும் ஒரு கோழிக்குஞ்சு என் வண்டில அடிபட்டதில்ல. கேட்டுப் பாருங்க. எங்க லைன்ல எவனக் கேட்டாலும் சொல்லுவான். அப்பேர்ப்பட்டவனப் பாத்து, 'உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா'ன்னு கேக்குறாண்ணே கூடப் பொறந்தவ. வயிறு எரியுமா எரியாதா?

மருதப் பக்கம் உங்களுக்கு? அப்பச் சரி, தாய்மாமன்னா என்னான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காது குத்துறப்பப் புள்ள யாரு மடில உக்காரும்? மாமன் மடில. ஆசாரி ஊசிய எடுக்குறப்பத் தலைய யாரு புடிப்பா? மாமன் புடிப்பான். ஒத்தத் தங்கச்சி, ஒத்த மருமக. இவ பொறந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், எங்க கொலசாமி கோயில்ல இதுவரைக்கும் எவனும் பண்ணாத மாதிரி சீர் கொண்டு போய் எறக்கணும்னு. இப்ப என்னடான்னா ஆவணி ரெண்டாவது வெள்ளி காதுகுத்து, எம்மடி வேணாமாம். எங்க பெரியம்மா மகன் தவசின்னு ஒருத்தன் திருப்பூர்ல கெடக்கான். அவன் மடில உக்கார வைக்கப் போறாளாம். நான் உசுரோட இருக்கேண்ணே. உசுரோட இருக்குறப்பவே இன்னொருத்தன் மடில உக்கார வச்சா ஊரு என்னா பேசும்? அவன் வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு முன்னாடி நடப்பான், நான் பந்தில எல போடணுமா?

தள்ளிப் போடவும் முடியாதுண்ணே. நாலு பொறந்துருச்சுன்னா ரெட்டப்பட வயசு, குத்தக் கூடாது. அப்பறம் அஞ்சு வரைக்கும் காத்துக் கெடக்கணும். அதுக்குள்ள அவ தவசியவே மாமன்னு பழக்கிருவா.

என்ன நடந்துச்சுன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. பங்குனி மாசம். அப்ப சித்திரைல காது குத்துறதா இருந்துச்சு. பிளக்ஸ் அடிக்கக் குடுத்திருந்தேன், மாதிரி வந்துருச்சு வந்து பாருங்கன்னு கடைக்காரன் போன் பண்ணான். சரி, படத்துல இருக்கப் போறது அதுதான, அதுவே பாக்கட்டும்னு பாப்பாவத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சேன். எல்லாரும் அப்பிடித்தான நிக்க வைக்கிறோம்? இந்த ஆசுபத்திரி வாசல்லயே போய்ப் பாருங்க, பத்து வண்டில ஒம்போதுல புள்ள முன்னாடிதான் நிக்கும். 'பின்னால யாரயாச்சும் ஏத்திக்கிட்டு, நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போண்ணே'ன்னு எந்தங்கச்சி சொன்னா. சொன்னா, இல்லேங்கல. ஆனா பாப்பாவுக்கு முன்னாடி நிக்கத்தாண்ணே புடிக்கும். காத்து மூஞ்சில அடிச்சா கெக்கெக்கெக்கேன்னு சிரிக்கும். அந்தச் சிரிப்பப் பாக்கத்தான நான் கூட்டிட்டுப் போறதே.

அதத்தான் ஒரு பத்து செகண்ட் வீடியோ எடுத்தேன். ஸ்டேட்டஸ் வைக்கலாம்னு. அம்புட்டுதான். அதுக்குப் போய், 'போன நோண்டிக்கிட்டே ஓட்டிப் புள்ள பல்ல ஒடச்சுட்டான்'னு ஊரு பூராம் சொல்லி வச்சிருக்காண்ணே. நோண்டுறது வேற, வீடியோ எடுக்குறது வேற இல்லியா? நான் யாருக்கிட்டயும் பேசல. மெசேசு பாக்கல. ஒரு கை ஆண்டில்பார்ல இருந்துச்சு. மொத நாள் சாயந்தரம் வரைக்கும் அந்த எடத்துல ஸ்பீட் பிரேக்கரே கெடையாது. ராத்திரியோட ராத்திரியா எவனோ போட்டுருக்கான், வெள்ளப் பெயிண்டுகூட அடிக்கல. அவனக் கேளுங்கிறேன், அவனக் கேக்க ஆளு இல்ல.

வண்டி ஒரு குதி குதிச்சுச்சு. நான் சட்டுன்னு பிரேக்கப் புடிச்சேன். பாப்பா வாயி நேரா ஆண்டில்பார் நடுவுல போய் மோதிருச்சு. ஒரு சத்தம் கேட்டுச்சுண்ணே. அத விடுங்க.

மொதல்ல அழுகவே இல்ல. அப்பறமா வாயத் தொறந்துச்சு பாருங்க, ஆத்தாடி, ஒரே ரத்தம். மேல் வரிசைல நட்ட நடுவுல ரெண்டு பல்லக் காணோம். ஆனா மூளை வேல செஞ்சுச்சுண்ணே, அதச் சொல்லணும். ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் போன்ல ஒரு வீடியோ பாத்திருந்தேன். வெள்ளக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருத்தரு சொல்றாரு, பல்லு விழுந்தா பதறாதீங்க, பல்லத் தேடி எடுங்க, பால்ல போடுங்க, அர மணி நேரத்துக்குள்ள திரும்ப அதே குழில வச்சிருங்க, புடிச்சுக்கிரும்னு. யாருக்குண்ணே அந்நேரத்துல அதெல்லாம் ஞாபகம் வரும்? எனக்கு வந்துச்சு.

பக்கத்துல ஒரு டீக்கடை. மாஸ்டர், கடைல நின்ன ஆளுக, நானு, அஞ்சு பேரு ரோட்டுல குனிஞ்சு தேடுறோம். ஒரு பல்லு வண்டிக்கு அடிலயே கெடந்துச்சு. இன்னொண்ணு கெடைக்கவே இல்ல. சாக்கடை வரைக்கும் குச்சிய விட்டுத் தேடிட்டோம். கால் மணி நேரம், இருவது நிமிசம் இருக்கும். பாப்பாவா? டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சிருந்தோம், துண்ட வாயில வச்சு. தனியா இல்லண்ணே, நாங்கதான் அம்புட்டுப் பேரு பக்கத்துல இருக்கோமே.

கெடச்ச பல்லப் பாக்கெட் பால்ல ஒரு அலசு அலசினேன். பாப்பாவ மடில போட்டேன். மாஸ்டர் தலையப் புடிச்சுக்கிட்டாரு. அது ரெண்டு கையையும் என் முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, கட்டவெரலால பல்ல வச்சு அமுக்குனேன். 'வேணா மாமா, வேணா மாமா'ன்னு ஒரே கத்து. ரெண்டு தடவ வழுக்கிருச்சு. ரத்தம்லண்ணே, வழுக்கத்தான செய்யும். மூணாவது தடவ விடல, ஒரே அமுக்கு, நின்னுருச்சு. இந்தா பாருங்க, வெரல்ல தழும்பு. அது கடிச்சது. மிச்சம் இருந்த பல்லால கடிச்சிருச்சு கழுத. நம்ம நல்லதுக்குப் பண்றது பச்சப் புள்ளைக்கு எப்பிடித் தெரியும்? டீ மாஸ்டரே அசந்துட்டாரு. 'நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும் தம்பி'ன்னாரு.

அந்தப் பெருமையோடதாண்ணே இங்க தூக்கிட்டு வந்தேன். தங்கச்சியும் மாப்ளையும் பின்னாலயே ஓடியாந்துட்டாங்க. உள்ள இருக்காங்கள்ல டாக்டரம்மா, சின்ன வயசு, அவங்கதான் அன்னைக்கும். வாயத் தொறந்து பாத்துட்டு, 'இதத் திரும்ப வச்சது யாரு'ன்னாங்க. நாந்தான், வீடியோல பாத்து வச்சேன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். பொய் சொல்வானேன், கையக் குடுத்துப் பாராட்டுவாங்கன்னுதான் நெனச்சேன். அந்தம்மா கண்ண மூடி ஒரு பெருமூச்சு விட்டாங்க. 'அண்ணே, பால் பல்ல யாரும் திரும்ப வைக்கக் கூடாது. இதுக்கு மேல ஈறுக்குள்ளயே நிலைப்பல்லு முளை விட்டுக்கிட்டு இருக்கும். நீங்க அமுக்குனதுல இது போய் அதுல இடிச்சிருக்கலாம். சீப் புடிச்சாலும் அதுக்குத்தான் சேதாரம். அந்த வீடியோல சொன்னது நிலைப்பல்லு விழுந்தா.' இப்பிடிச் சொல்றாங்க. வீடியோல அப்பிடிச் சொல்லலியே? ஒருவேள கடைசில சொல்லிருப்பாரோ என்னமோ. நான் முழுசா பாக்கல. யாருண்ணே முழுசா பாக்குறா?

சொல்லிட்டுப் பஞ்ச வச்சு ஒரு இழுப்பு. நான் உசுரக் குடுத்து நட்டு வச்ச பல்லு, கீர மாதிரி வந்துருச்சு. ஒரு தட்டுல போட்டுட்டாங்க.

சரி, இன்னொரு பல்லு எங்கன்னு கேக்குறீங்களா? எக்ஸ்ரே எடுத்தா, அது விழுகவே இல்ல. அடிச்ச வேகத்துல ஈறுக்குள்ள ஏறிப் போய் உக்காந்திருக்கு. நாங்க சாக்கடைல தேடிக்கிட்டு இருக்கோம். அதயாச்சும் இழுத்து விடுங்கன்னேன். 'தேவையில்ல, நிலைப்பல்லு முளைக்கு எதிர்ப்பக்கமாத்தான் போயிருக்கு, தானா எறங்கும், ஆறு மாசம் வரைக்கும் ஆகலாம், அப்பப்பக் கூட்டியாந்து காட்டுங்க'ன்னாங்க. இப்ப நீங்க சொல்லுங்கண்ணே. வெளிய வந்ததக் கஷ்டப்பட்டு உள்ள வச்சா, அதப் புடுங்குறாங்க. உள்ள போனத வெளிய இழுங்கன்னா, சும்மா விடுங்கங்கிறாங்க. இது எந்த ஊரு வைத்தியம்? ஒரு மாசம் கழிச்சுப் பக்கத்துப் பல்லு சாம்பக் கலருக்கு மாறிப் போச்சாம். அதுக்கும் ஒண்ணும் பண்ணலியாம். வலி இல்ல, வீக்கம் இல்ல, சீக்கட்டி இல்ல, கலர் மாறுனதுக்காகப் பல்லப் புடுங்க மாட்டோம், கவனிச்சுப் பாப்போம்னாங்களாம். பாத்துக்கிட்டு இருக்கவா டாக்டருக்குப் படிச்சாங்க? நான் போன் போட்டே கேட்டேன், மேடம், விசேசத்துக்கு ஒரு நா மட்டும் ஒட்டுற மாதிரி ஒரு சின்னப் பல்லு செட்டு குடுங்க, போட்டோல பொக்கையா தெரியுமேன்னு. சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

அப்பறம் இந்த நிலைப்பல்லு சமாச்சாரம். ஏழு வயசுல வர்ற பல்லு. அதுல வெள்ளையா, மஞ்சளா மச்சம் மாதிரி விழுகலாம், கோணலா வரலாம், வராமக்கூடப் போகலாம், ஒண்ணும் ஆகாமயும் இருக்கலாம், அப்பத்தான் தெரியும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எந்தங்கச்சிக்கு அது போதுமே. இன்னும் மொளைக்காத பல்லுக்கு இப்பவே எம்மேல கேஸ் எழுதிட்டா. 'உன்னாலதாண்ணே, உன்னாலதாண்ணே'ன்னு ஆசுபத்திரின்னுகூடப் பாக்காம மாருல அடிச்சுக்கிட்டு அழுகுறா.

அதோட முடிஞ்சிருக்கும்ணே. கோவம் ஆறிருக்கும். பத்து நாளைக்குக் கஞ்சி, கொழஞ்ச தயிரு சோறு, பால்ல ஊறுன இட்லி, இதுதான் குடுக்கணும், முன்பல்லால எதயும் கடிக்க விடக் கூடாது, பஞ்ச நனச்சு ஈறத் தொடைக்கணும்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்திருந்தாங்க. அஞ்சாவது நாளு பாக்கப் போனேன். புள்ள துரும்பா எளச்சுப் போய்க் கெடக்கு. எம்மொகத்தப் பாத்ததும் சொவத்துப் பக்கம் திரும்பிக்கிருச்சு. எனக்கு மனசு கேக்கல. எப்பவும் அதுக்குக் கடலமிட்டாய்தான் வாங்கிட்டுப் போவேன், அன்னைக்கும் சட்டப்பைல இருந்துச்சு. ஒரே ஒரு துண்டு. சிரிச்சிறாதான்னு வாயில வச்சு விட்டேன். அது கடிச்சிருச்சு. திரும்ப ரத்தம், மறுநாளு ஈறு பொடச்சுக்கிருச்சு. அன்னைக்குச் சொன்னாண்ணே எந்தங்கச்சி, 'இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காத'ன்னு. ஒரு துண்டு கடலமிட்டாய்க்கு.

நாலு மாசம் ஆச்சு. நாலு மாசமா அந்தப் புள்ளய நான் தூக்கல. நேத்து மாப்ள ஒரு பேச்சுப் பேசி வச்சிருக்காப்ல. அவ கடைசியா சொன்னாளாம், 'நான் தூக்கிக் குடுக்க மாட்டேன். பாப்பாவா போய் அண்ணன் மடில உக்காந்துச்சுன்னா உக்காரட்டும், நான் தடுக்கல'ன்னு. எனக்கு அது போதும்ணே. புள்ள மனசுல என்னா இருக்கப் போகுது? 'மாமா'ன்னு ஓடியாந்து கழுத்தக் கட்டிக்கிரும். இங்க வச்சு, நாலு பேரு முன்னாடி மடில உக்காந்துச்சுன்னா அவ அப்பறம் பேச முடியாது பாருங்க. நீங்களே சாட்சி. அதுக்குத்தான் ஒம்போது மணில இருந்து இங்கயே சுத்திக்கிட்டு இருக்கேன்.

என்னண்ணே, வாசப்பக்கம் பாக்குறீங்க?

ஏ, வந்துட்டாங்க. அந்தா, மஞ்சக் கவுனு. நெடுநெடுன்னு வளந்திருச்சேண்ணே! குட்டிம்மா! இங்கிட்டுப் பாருடா, யாரு வந்திருக்கான்னு பாரு. மாமாடா! ஓடியா, ஓடியா.

என்னண்ணே இது? ஏன் இப்பிடிப் பண்ணுது? ரெண்டு கையையும் வச்சு வாயப் பொத்திக்கிருச்சு. மாமா ஒண்ணும் பண்ண மாட்டேன்டா. சும்மாதாண்டா கூப்புடுறேன். கைய எடு சாமி. எந்தங்கம்ல, கைய எடுடா. பின்னால பின்னால போகுதேண்ணே.

ஏ பாண்டீஸ்வரி, என்னா இதெல்லாம்? பச்சப் புள்ளைக்கு இப்பிடித்தான் சொல்லிக்குடுத்து வச்சிருக்கியா? மாமனக் கண்டா வாயப் பொத்துன்னு? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?

கேட்டீங்களாண்ணே என்னா சொல்றான்னு? அவ சொல்லிக்குடுக்கலியாம். கத்தக்கூட இல்ல பாருங்க, அமைதியாச் சொல்றா. போன்ல எம்படம் வந்தாலே இப்பிடித்தான் பொத்துதாம். வேற யாரப் பாத்தும் பொத்தாதாம். பல்லப் புடுங்குன டாக்டரம்மாவப் பாத்தாக்கூட ஆன்னு காட்டுமாம்.

இல்லண்ணே. அப்பிடி இருக்காது. நான் அதுக்கு மாமன்ணே.

நர்சு கூப்புடுறாங்க. உங்க பையன் வந்துட்டானா, சரி, இவங்க டோக்கன்தான் அடுத்து. போகுது பாருங்க, கைய எடுக்காமயே நடந்து போகுது. கதவத் தொறந்துதான் வச்சிருக்காங்க. நாற்காலில உக்கார வச்சுட்டாங்க. கைய எடுக்கலியே. டாக்டரம்மா கேக்குறாங்க, அப்பவும் எடுக்கல. என்னயத்தாண்ணே பாக்குது. கண்ணு மட்டுந்தான் தெரியுது, என்னயவே பாக்குது.

என்னம்மா? நானா? நான் நகரணுமா? நான் நின்னா வாயத் தொறக்காதா? சரிம்மா. சரிம்மா, நான் போறேன்.

அண்ணே, நீங்க கெளம்பிறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் இந்தத் தூணுக்கு அங்கிட்டுப் போய்த் திரும்பி நின்னுக்கிறேன், அங்க இருந்து அதுக்கு என்னயத் தெரியாது. நீங்க இங்கயே உக்காந்து எனக்காகக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. காதுகுத்து கெடக்கட்டும்ணே, தவசி மடில வேணும்னாலும் உக்காரட்டும். கைய எடுத்துருச்சா? நான் திரும்ப மாட்டேன், நீங்க பாத்து மட்டும் சொல்லுங்க.

தொறந்துச்சாண்ணே?